நைட்ரஸ் கிட்டின் பெட்ரோல் சோலினாய்டுக்குப் பெட்ரோலை எங்கிருந்து எடுப்பது?

கோத்தகிரி வாசகர், 9 டிசம்பர்

அண்ணா, என்னுடைய 1300 சிசி பழைய எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் தெளிக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) காருக்கு, நைட்ரஸ் ஆக்சைடை இன்ஜினுக்குள் விட்டுத் திறனை 25 குதிரைத்திறன் கூட்டும் நைட்ரஸ் கிட் வாங்கியிருக்கிறேன். நைட்ரஸுக்கு ஒரு சோலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), பெட்ரோலுக்கு ஒரு சோலினாய்டு என்று இரண்டும் உள்ள கிட் அது. பெட்ரோல் சோலினாய்டுக்கான ஹோஸை, மிஞ்சும் பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனில் டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு எடுக்கலாம் என்பது என் எண்ணம். அந்தப் பெட்ரோல் எப்படியும் டேங்குக்குத்தான் திரும்புகிறது. அதை எடுத்தால் இன்ஜெக்டர்களின் பங்கில் நாம் கை வைத்ததாகாது அல்லவா?

9 டிசம்பர், இரவு

வேண்டாம். ரிட்டர்ன் லைனில் பெட்ரோல் தாராளமாக ஓடுகிறது, ஆனால் அழுத்தம் கிடையாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர்தான் தனக்கு முன்னால் உள்ள பெட்ரோலை ஏறத்தாழ 43 பிஎஸ்ஐயில், அதாவது 3 பாரில் நிறுத்துகிறது; அதைத் தாண்டி வழிந்து செல்வது மட்டுமே ரிட்டர்ன் லைனுக்கு வரும். டேங்கு வரை தடையில்லாமல் திறந்து கிடக்கும் அந்தக் குழாயில் டீ போட்டு, அதன் முனையில் ஊசித்துளை போன்ற ஜெட்டை வைத்தால், பெட்ரோல் எளிய வழியைப் பார்த்து டேங்குக்குப் போகுமே தவிர ஜெட்டின் வழியாக வராது. அதே நேரத்தில் நைட்ரஸ் பல நூறு பிஎஸ்ஐ அழுத்தத்தோடு உள்ளே பாயும். கூடுதல் ஆக்சிஜன் வந்துவிடும், அதற்குரிய பெட்ரோல் வராது.

அதன் விளைவைக் காட்ட என் வெலிங்டன் வீட்டு ஷெட்டின் மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. சமவெளியில் ஒரு பட்டறையில் இதே யோசனையோடு ரிட்டர்ன் லைனில் எடுத்துக் கொடுத்த காரிலிருந்து நான் கழற்றியது. எக்ஸாஸ்ட் வால்வின் பக்கத்து விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குக் கரைந்துபோய், மேல் ரிங்கின் முனை வெளியே தெரிகிறது. கரைந்த அலுமினியம் பிஸ்டன் பக்கவாட்டில் சாம்பல் நிறக் கோடாக இழுத்து ஒட்டியிருக்கிறது. நைட்ரஸை முதல் முறை திறந்தபோதே, மூன்று அல்லது நான்கு விநாடிக்குள் அது நடந்ததாக அந்தக் காரை ஓட்டிய பையன் சொன்னான். தம்பி, அந்தப் பிஸ்டனை ஒருமுறை நேரில் வந்து கையில் எடுத்துப் பாருங்கள்.

10 டிசம்பர்

இன்ஜெக்டர்களின் பங்கு குறைந்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது என்பதால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்பது பெட்ரோல் இன்ஜின்களுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. அதன்படி 25 குதிரைத்திறனுக்கு மணிக்கு பன்னிரண்டரை பவுண்டு, ஏறத்தாழ 5.7 கிலோ ஆகிறது. பெட்ரோலின் அடர்த்தியை லிட்டருக்கு 740 கிராம் என்று கொண்டால் நிமிடத்திற்கு 130 மில்லிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் இன்ஜின் முழுத் திறப்பில் 85 குதிரைத்திறன் கொடுக்கிறது என்றால் அதற்கு நிமிடத்திற்கு 435 மில்லி வேண்டும். இரண்டையும் கூட்டினாலும் மணிக்கு 35 லிட்டரைத் தாண்டாது. நல்ல நிலையில் உள்ள டேங்க் பம்ப் இதைவிட வெகு அதிகமாகத் தள்ளும். அந்த மிச்சம்தான் உங்கள் கண்ணுக்கு ரிட்டர்ன் லைனில் ஓடுவதாகத் தெரிகிறது. ரெகுலேட்டருக்கு முன்னால் எங்கே எடுத்தாலும், எடுத்த அளவுக்கு ரெகுலேட்டர் தன் வாயைச் சுருக்கி ரிட்டர்னைக் குறைத்து, ரெயிலின் அழுத்தத்தைக் காப்பாற்றிவிடும். ஆகவே நீங்கள் எடுக்க நினைத்தது அந்த மிச்சப் பெட்ரோல்தான், அதில் பிழையில்லை. ரெகுலேட்டருக்கு முன்பே அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டுமே நான் சொல்வது.

ரெயிலின் நுழைவாயிலில் எடுங்கள். என் காரிலும் அங்கேதான் எடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். இது பந்தயத் தடத்துக்கும், காரை நிறுத்தி ஓட்டித் திறனை அளக்கும் டைனோ மேடைக்கும் மட்டும் உரிய வேலை. பொதுச் சாலையில் ஓடும் வண்டியை இப்படி மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. நம் மலைச் சாலையில் இதைத் திறப்பேன் என்று எவரேனும் எழுதினால் அவருக்கு நான் ஒரு வரியும் பதில் எழுத மாட்டேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் என் சிலிண்டரின் வால்வு மூடியே இருக்கும்.

10 டிசம்பர், மாலை

கார்புரேட்டர் உள்ள பைக்கில் டேங்கிலிருந்து இறங்கும் ஹோஸில் டீ போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முப்பது சென்டிமீட்டர் உயரப் பெட்ரோல் தரும் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐயில் மூன்றில் ஒரு பங்குதான். தனி பம்பும் தனி ரெகுலேட்டரும் இல்லாமல் அங்கே எதுவும் செய்ய இயலாது.

14 டிசம்பர்

ரெயிலில் தனியாக எடுப்பதற்கு வாய் எதுவும் இல்லை என்று கோத்தகிரித் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். உண்மைதான், சில கார்களின் ரெயிலில் டயர் வால்வு போன்ற ஒரு சோதனை வாய் இருக்கும், நம் காரில் அது இல்லை. அதற்குப் பதிலாக ஹோஸ் முடியும் இடத்தில் பாஞ்சோ போல்ட், அதாவது பெட்ரோல் ஓட உள்ளே துளையுள்ள போல்ட், இருக்கிறது. தலையில் திருகு மறை வெட்டிய பாஞ்சோ போல்ட் கடையில் கிடைக்கும். பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டால், தலையிலிருந்து ஒரு கிளை கிடைத்துவிடும். ரெயிலைத் துளைக்க வேண்டியதில்லை, ஹோஸை அறுக்க வேண்டியதுமில்லை.

கழற்றுவதற்கு முன் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். அப்போதுதான் லைனில் உள்ள அழுத்தம் இறங்கும். போல்ட்டின் இரண்டு பக்கமும் உள்ள வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் இரண்டாம் முறை பார்ப்பதற்குப் பிடித்தது போலிருந்து, இன்ஜின் சூடேறிய பிறகு ஓரத்தில் ஈரம் கசியும். இங்கே டிசம்பர் மாதப் பனியில் இன்ஜின் அறை முழுவதுமே ஈரமாக இருப்பதால், அது கசிவா பனியா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. காகிதத்தால் ஒற்றி முகர்ந்து பாருங்கள்.

22 டிசம்பர்

மேலே 10 டிசம்பரில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தக் குறிப்பை நம்பி யாரேனும் ஏற்கெனவே வேலை செய்திருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரை சிலிண்டரைத் திறக்க வேண்டாம்.

நேற்று என் காரைக் கோவையில் டைனோவில் ஏற்றினேன். அழுத்தம் காட்டும் கேஜை ரெயிலில் பொருத்தி, பெட்ரோல் உள்ள கேஜ் காருக்குள் வரக் கூடாது என்பதற்காக அதை வெளியே வைப்பர் அடியில் கண்ணாடியோடு டேப் போட்டு ஒட்டியிருந்தேன். நைட்ரஸ் திறந்தபோது முள் 43ஐ விட்டு அசையவில்லை. எனக்கு மிகுந்த நிம்மதி. ஆனால் இரண்டாம் ஓட்டத்துக்குப் பிறகு பிளக்குகளைக் கழற்றியபோது, மூன்றாம் சிலிண்டரின் பிளக்கில் வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள். லென்ஸை வைத்துப் பார்த்தேன். புள்ளிகளில் ஒன்று கருப்பாக இல்லை, பளபளத்தது. அது அலுமினியம், பிஸ்டனிலிருந்து வந்தது. வேறு வேலை எதுவும் செய்யாமல் காரை மேலே கொண்டுவந்துவிட்டேன்.

இன்று காலை கேஜை ரெயிலிலிருந்து எடுத்து, சோலினாய்டின் நுழைவாயிலுக்கு ஒட்டினாற்போலப் பொருத்தினேன். ஜெட்டை ஹோஸின் முனையில் வைத்து, ஷெட்டுக்கு வெளியே, திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பம்பை மட்டும் ஓட்டி, பெட்ரோல் சோலினாய்டை முப்பது விநாடி திறந்து அளவுக் குடுவையில் பிடித்தேன். திறக்கும் முன் 43. திறந்தவுடன் 34. குடுவையில் 57 மில்லி. என் ஜெட் 14ஆம் எண், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினான்கு பங்கு. 43 பிஎஸ்ஐயில் அது முப்பது விநாடிக்கு 64 மில்லி தர வேண்டும். ஜெட்டின் வழியாகச் செல்லும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 43இலிருந்து 34க்கு இறங்கினால் பதினொரு சதவீதம் குறைய வேண்டும். குறைந்ததும் அதே அளவுதான். கணக்கும் குடுவையும் ஒன்றையொன்று ஆமோதிக்கின்றன.

ரெயிலில் குறையாத அழுத்தம் சோலினாய்டில் குறைகிறது என்றால், இடையில் ஏதோ அடைக்கிறது. பாஞ்சோ போல்ட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவில் நான் போட்ட அடாப்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். குண்டூசி முனை அளவுக்கே வெளிச்சம் வந்தது. அரை மில்லிமீட்டர் டிரில் பிட் இறுக்கமாக நுழைந்தது. அது கேஜ் மாட்டுவதற்கென்று செய்த அடாப்டர். முள் நடுங்காமல் இருக்க உள்ளே ஊசித்துளை வைத்திருப்பார்கள். கேஜுக்கு அது சரியே, ஏனெனில் கேஜின் வழியாக எதுவும் ஓடுவதில்லை. ஓட்டம் இல்லாதவரை எவ்வளவு சிறிய துளையும் முழு அழுத்தத்தைக் காட்டும். நான் அதன் வழியாகப் பெட்ரோலை ஓட்டினேன். 0.36 மில்லிமீட்டர் ஜெட்டுக்கு முன்னால் 0.5 மில்லிமீட்டர் துளை என்றால், உண்மையில் வரிசையாக இரண்டு ஜெட்டுகள் வைத்திருக்கிறேன் என்று பொருள்.

22 டிசம்பர், இரவு

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துளையுள்ள நேர் அடாப்டரைப் போட்ட பிறகு சோலினாய்டு வாயில் திறந்த நிலையிலும் 42. குடுவையில் 63 மில்லி.

23 டிசம்பர்

அப்படியானால் எடுத்த இடம் சரிதானே, அடாப்டர்தான் தவறு, பிறகு எதற்கு இத்தனை நாள் இடத்தைப் பற்றிப் பேசினோம் என்று தம்பி கேட்கிறார். எனக்கும் இரவெல்லாம் அதே யோசனைதான். பெட்ரோல் எடுக்கும் இடம் என்பதை நான் இதுவரை ஒரு புள்ளியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். போல்ட்டின் துளை, அடாப்டர், ஹோஸ், சோலினாய்டு வாயில் உள்ள சல்லடை ஆகிய அத்தனையும் சேர்ந்ததுதான் அந்த இடம். சல்லடையையும் நேற்று பார்த்தேன்; மறையில் சுற்றிய வெள்ளை டெஃப்ளான் டேப்பின் இழை ஒன்று, கண்ணிமை முடியின் தடிமனில், சல்லடையின் குறுக்கே படுத்திருந்தது. அது சல்லடையைத் தாண்டிப் போயிருந்தால் சோலினாய்டு முழுவதுமாக மூடாமல், நைட்ரஸ் இல்லாத நேரத்திலும் பெட்ரோல் இன்டேக்கில் சொட்டிக்கொண்டிருந்திருக்கும். பெட்ரோல் மறைகளில் டேப்பை இனி நான் சுற்றப் போவதில்லை. கூம்பு அமர்வு உள்ள இணைப்புகளுக்கு அது தேவையே இல்லை; சரிவு மறைகளுக்குப் பெட்ரோல் தாங்கும் பசை கிடைக்கிறது.

5 ஜனவரி

உதகை வாசகர் ஒருவர், தன்னுடையது புதிய டர்போ கார், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை, ரெயிலிலேயே நூறு பாருக்கு மேல் அழுத்தம் இருக்கிறது, அங்கே எடுத்தால் அழுத்தப் பஞ்சமே இருக்காதே என்கிறார். ஐயா, தயவுசெய்து அந்த ரெயிலின் பக்கமே போக வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். நைட்ரஸ் கிட்டின் பெட்ரோல் சோலினாய்டோ ஹோஸோ அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உங்கள் காரில் டேங்க் பம்புக்கும், இன்ஜின் மேலுள்ள உயரழுத்தப் பம்புக்கும் இடைப்பட்ட லைன்தான் பொருந்தும். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய கார்கள் பலவற்றில் அந்த லைனின் அழுத்தத்தைக் கணினி தேவைக்கேற்ப ஏற்றி இறக்குகிறது. அழுத்தம் மாறினால் ஜெட்டின் அளவு மாறும். உங்கள் காருக்குச் சிறு தனி டேங்கு, தனி பம்பு, தனி ரெகுலேட்டர் என்று வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. செலவு கூடுதல்தான்.

ரிட்டர்ன் லைனே இல்லாத, ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் கார்களுக்கு அடைபட்ட ரெயிலின் கடைக்கோடியை விட்டுவிட்டு, லைன் ரெயிலுக்குள் நுழையும் முன்பே எடுங்கள். கடைக்கோடியில் எடுத்தால் சோலினாய்டு சட்டென்று திறக்கும்போது ஏற்படும் இறக்கத்தைப் பக்கத்து இன்ஜெக்டர்தான் முதலில் உணரும்.

19 ஜனவரி

இந்த இழையில் நான் எழுதியவற்றில் மிக முக்கியமான திருத்தம் இதுவாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 21இல் என் பிளக்கில் வந்த புள்ளிகளுக்கு அடாப்டர் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன். பதினொரு சதவீதக் குறைவு அவ்வளவு தூரம் செய்யுமா என்ற சந்தேகம் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. இன்று காலை ஷெட்டைத் திறந்தபோது வெளியே புல் முழுக்க உறைபனி. நைட்ரஸ் சிலிண்டரைத் தொட்டால் கை சில்லிட்டது, அதன் கேஜ் 500 பிஎஸ்ஐக்கும் கீழே காட்டியது. அப்போதுதான் விளங்கியது.

சிலிண்டருக்குள் இருப்பது திரவ நைட்ரஸ் ஆக்சைடு. அதன் அழுத்தத்தை எந்த ரெகுலேட்டரும் நிர்ணயிப்பதில்லை, வெப்பநிலை நிர்ணயிக்கிறது. பத்து டிகிரியில் சுமார் 570 பிஎஸ்ஐ. இருபதில் சுமார் 720. முப்பதில் ஏறத்தாழ 900. நான் ஜெட்டுகளைத் தேர்ந்ததும் கலவையைச் சரிபார்த்ததும் வெலிங்டனில், பத்து டிகிரிக் குளிரில். பிறகு அதே சிலிண்டரைக் காரின் பின்புறத்தில் வைத்து மலையிறங்கி, கோவை வெயிலில் நிறுத்தி, முப்பது டிகிரியில் திறந்தேன். அழுத்தம் 570இலிருந்து 900க்குப் போனால், அதே வர்க்கமூலக் கணக்கின்படி நைட்ரஸ் நான்கில் ஒரு பங்கு அதிகமாகப் பாயும். பெட்ரோல் பக்கம் ரெகுலேட்டர் பிடித்துவைத்த அதே 43தான். நைட்ரஸ் கால் பங்கு கூடுதல், பெட்ரோல் ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. இரண்டும் ஒரே திசையில் கலவையை மெலியச் செய்திருக்கின்றன. அவற்றுள் பெரியது சிலிண்டரின் வெப்பம்.

மலையிலிருந்து கொண்டு இதைச் செய்யும் நமக்குத்தான் இது பொறி. இங்கே குளிரில் கலவை பெட்ரோல் செறிந்ததாகவும் பாதுகாப்பாகவும் தோன்றும். நைட்ரஸ் ஜெட்டை நாமே சற்றுக் கூட்டுவோம், ஓட்டம் நன்றாக இருக்கும். அதே ஜெட்டோடு கீழே போனால் ஆபத்து. காற்றின் அடர்த்தியை இங்கே நான் கணக்கில் சேர்க்கவில்லை; குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றாலும், அதற்கேற்ப இன்ஜெக்டர்களைக் கணினி குறைத்துக்கொள்கிறது. நைட்ரஸுக்கும் அதன் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை மலையின் காற்று தொடுவதில்லை, சிலிண்டரின் சூடுதான் தொடுகிறது.

சிலிண்டரை நெருப்பிலோ கேஸ் அடுப்பிலோ காட்டிச் சூடாக்குவதாக ஒருவர் எழுதியதைப் படித்தேன். அது வெடிகுண்டைச் சுடுவதற்குச் சமம். 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடு திரவமாகவே இருக்காது. அழுத்தம் விடுவிக்கும் தகடு உடைந்து முழுச் சிலிண்டரும் காருக்குள் காலியாகலாம். வெப்பக் கட்டுப்பாடுள்ள சிலிண்டர் போர்வை கிடைக்கிறது, அதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சிலிண்டரின் கேஜைப் பார்த்து, ஜெட்டைத் தேர்ந்த அதே அழுத்தத்தில் திறப்பதுதான் முறை.

20 ஜனவரி

நேற்றைய குறிப்பை எழுதிய பிறகு, எடுக்கும் இடத்தையும் மாற்றிவிட்டேன். ரெயில் வாயிலிலிருந்து ஃபில்டரின் வெளிவாயிலுக்கு. அழுத்தம் இரண்டு இடத்திலும் ஒன்றே, காரணம் வேறு. ரெயிலிலிருந்து சோலினாய்டுக்குப் போன ஹோஸ் எக்ஸாஸ்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சோலினாய்டு மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்த ஹோஸில் உள்ள பெட்ரோல் ஓடாமல் தேங்கி நின்று சூடாகிறது. இன்ஜினை அணைத்து லைனின் அழுத்தம் இறங்கிய பிறகு அது ஆவியாகும். பிறகு நைட்ரஸைத் திறந்தால் முதல் நொடியில் வருவது பெட்ரோல் ஆவி. கார்புரேட்டர் காலத்தில் பர்லியாறு ஏற்றத்தில் கார்கள் ஓரத்தில் நின்று, பானெட்டைத் திறந்துவைத்து ஆறக் காத்திருந்ததும் இதே பெட்ரோல் ஆவியால்தான். ஃபில்டர் என் காரில் எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அங்கே கேஜ் முள்ளும் இன்ஜெக்டர் துடிப்புக்கு நடுங்காமல் அமைதியாக நிற்கிறது. ஃபில்டருக்கு முன்னால் எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் நேற்று ஒருவர் அதையும் கேட்டதால் சொல்கிறேன், கூடாது.

11 பிப்ரவரி

மீண்டும் டைனோ. சிலிண்டரைப் போர்வையால் 900க்குக் கொண்டுவந்து, நைட்ரஸ் ஜெட்டை ஓர் எண் குறைத்து, பெட்ரோல் 14ஐ அப்படியே வைத்து ஓட்டினேன். சோலினாய்டு வாயிலில் கேஜ், அதை நோக்கியபடி செல்போன். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்: திறந்த கணத்தில் 40, பிறகு 42, ஓட்டம் முடியும் வரை 42. அதோடு 36 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் நைட்ரஸைத் தானே மூடிவிடும் அழுத்த சுவிட்சையும் சோலினாய்டு வாயிலிலேயே பொருத்தியிருக்கிறேன். ரெயிலில் பொருத்தியிருந்தால் டிசம்பரில் அதுவும் என்னைக் காப்பாற்றியிருக்காது. நான்கு பிளக்குகளும் சுத்தம். மூன்றாம் பிளக்கை லென்ஸின் கீழ் மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கோத்தகிரித் தம்பி போன ஞாயிறு ஷெட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பிஸ்டனை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். ரிட்டர்ன் லைனுக்கு வாங்கிவைத்திருந்த டீயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறை வெட்டிய பாஞ்சோ போல்ட் வாங்கியிருக்கிறார். அடாப்டரின் துளையை அவரே வெர்னியரில் அளந்து எழுதியிருக்கிறார்: 3.2 மில்லிமீட்டர். முப்பது விநாடிக் குடுவைச் சோதனையை அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து செய்கிறோம். அளவை இங்கே எழுதுகிறேன்.